மருத மரமும் மருத்துவர் வைட்டும்

வையைக் கரையில் விளங்கும் மதுரை மாநகரின் பெயர்க் காரணத்தைப் பலரும் பலவாறு கூறுவர். மருத மரங்கள் செறிந்த துறையாதலின் மருதத்துறை எனப் பெயர் பெற்று, அதுவே நாளடைவில் மதுரை எனத் திரிந்தது என்பது அவற்றுள் ஒன்று. அக்கருத்தின் வன்மை மென்மைகளை மொழியறிஞர்கள் ஆய்ந்து கொள்வார்களாக. மருதம் ஆற்றங்கரை மரம் என்பதும், வயலும் வயல் சார்ந்த நிலமும் அதன் பெயராலேயே வழங்கலாயின என்பதும் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தவையே.

வழவழப்பான வெளிறிய பட்டையும், நீண்ட இலையும், ஐந்து சிறகுகள் புடைத்த காயும் உடையது அம்மரம். அதன் அறிவியற் பெயர் டெர்மினாலியா அர்ஜுனா என்பதாகும். தாவரவியல் நூல்களில் அப்பெயரை அடுத்து இருவர் பெயர்கள் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒருவர் வைட், மற்றொருவர் ஆர்னாட். இருவரும் ஸ்காட்லாந்து நாட்டினர். நம் மருதத்தின் பெயரோடு கடல் கடந்த நாட்டார் பெயர் இணைந்தது எவ்வாறு? அவ்வினாவிற்கு விடை கூறுவது மருத்துவர் இராபர்ட் வைட்டின் வாழ்க்கை. தென்னிந்தியத் தாவரங்களை ஒழுங்குபடுத்தி உலகறியச் செய்த அப்பெரியாரின் வரலாறு, தமிழ் பயிலும் நம் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

வகைப்பாட்டின் முன்வரலாறு

செடி கொடிகளைக் கண்டு வகுத்தறியும் ஆர்வம் எந்நாட்டு மக்களுக்கும் உரியது. தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்தார். தெங்கும் பனையும் மூங்கிலும் அவ்விலக்கணப்படி புல்லினமாயின. இன்றைய தாவரவியல் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்களுள் புல்லோடு சேர்த்து வைப்பதை நோக்கும்போது, அப்பழம் பகுப்பின் கூர்மை விளங்கும். அரபு மொழியில் 9ஆம் நூற்றாண்டில் அபூ ஹனீஃபா அத்தீனவரீ தாவரங்களைப் பற்றித் தனிநூல் இயற்றினார். ஸ்பெயின் நாட்டு மாலகாவில் பிறந்து 1248இல் தமஸ்கு நகரில் மறைந்த இப்னுல் பைத்தார், ஸ்பெயின் தொடங்கி வட ஆப்பிரிக்கா, சிரியா வரை நடந்து திரிந்து மூலிகைகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தொகுத்தளித்தார்.

ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றிய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், தம் இளமையில் 1732ஆம் ஆண்டு வடகோடியான லாப்லாந்தில் நெடும்பயணம் செய்து அந்நிலத்துக் காட்டுச் செடிகளை ஆராய்ந்தவர். 1753இல் வெளிவந்த அவர்தம் பெருநூல் ஏறத்தாழ 5,900 தாவரங்களுக்கு இருசொற் பெயர் வழங்கியது. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். நெருஞ்சியும் கோரையும் பருப்புக்கீரையும் அந்நூலில் இடம்பெற்றன. இவை மதுரை வயல்வரப்பிற்கு மட்டும் உரியன அல்ல. தென் ஐரோப்பாவிலும் தாமே முளைத்து வளர்பவை.

லின்னேயஸ் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். பூவிலுள்ள மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையும் அமைப்புமே அதற்கு அடிப்படை. எண்ணத் தெரிந்த எவரும் கையாளக்கூடிய எளிய முறை அது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. ஐந்து தாள் உடையவை என்னும் காரணத்தால் மாமரமும் கத்தரிச் செடியும் ஒரே வகுப்பில் சேர்ந்துவிட்டன. பெயரின் முதலெழுத்து ஒன்றாக இருப்பதனால் இருவரை உடன்பிறந்தார் என்று கொள்வது போன்றது இது. பிரெஞ்சு அறிஞர் ஜுஸ்ஸியூ 1789இல் இதற்கு மாற்று கண்டார். பூ, காய், விதை, இலை முதலிய பல உறுப்புகளையும் ஒருசேர ஒப்பிட்டு உறவுமுறை காணும் அம்முறை இயற்கை முறை எனப்பட்டது. ஜெனீவா நகரத்து டி காண்டோல் அதனை மேலும் வளர்த்தார்.

தமிழகத்திற்கு இக்கலை தரங்கம்பாடி வழியாக வந்தது. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடி வந்து 1785இல் மறையும்வரை செடிகளைத் திரட்டினார். அவரையடுத்து வந்த ராட்லர் பாதிரியார் தாவரவியலிலும் தமிழிலும் ஒருங்கே ஈடுபட்டார். அவர் தொகுத்த தமிழ் ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. செடி கொடிகளின் தமிழ்ப் பெயர்களுக்கு நேராக இலத்தீன் பெயர்களைத் தந்தது அவ்வகராதியின் சிறப்பு. இத்தகைய அடித்தளத்தின் மேல் எழுந்ததே வைட்டின் பணி.

பிறப்பும் கல்வியும்

இராபர்ட் வைட் 1796ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் வைட் எடின்பரோ நகரில் வழக்குத்தொழில் புரிந்தவர். மக்கட்பேறு மிக்க குடும்பம் அது. எடின்பரோவில் பள்ளிக் கல்வியை முடித்த இராபர்ட், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார். அந்நாளில் மருந்துகளுள் பெரும்பகுதி செடி கொடிகளிலிருந்தே கிடைத்தமையால், மருத்துவ மாணவர் தாவரவியலும் கற்றாக வேண்டும். நைட்ரஜன் வாயுவைக் கண்டறிந்த டேனியல் ரூதர்ஃபோர்டு என்பவரே வைட்டுக்குத் தாவரவியல் ஆசிரியராக வாய்த்தார்.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகப் பணியேற்றுச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 23. படைப்பிரிவோடு ஊர் ஊராகச் செல்வதும், நோயுற்ற வீரர்க்கு மருத்துவம் செய்வதும் அவர்தம் கடமைகள். ஓய்ந்த நேரத்தில் பாசறையைச் சுற்றியுள்ள செடிகளைத் திரட்டலானார். தொடக்கத்தில் எடின்பரோவுக்கு அவர் அனுப்பிய தொகுப்பு ஒன்று கப்பலோடு கடலில் மூழ்கிப்போனது. ஆண்டுக்கணக்கான உழைப்பு அழிந்ததே என்று அவர் சோர்ந்து அமரவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

செடியைத் திரட்டுவது எளிய செயலன்று. பூவும் காயும் வேரும் கெடாமல் பறித்துத் தாள்களுக்கிடையே பரப்பி, எடை ஏற்றி அழுத்திவைக்க வேண்டும். ஈரம் ஏறிய தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒருநாள் தவறினாலும் பூஞ்சணம் பற்றிவிடும். மழை நின்றால் கறையானும் பூச்சியும் காத்திருக்கும். நன்கு உலர்ந்த மாதிரியைத் தாளில் ஒட்டி, கண்ட இடமும் காலமும் குறித்து வைத்தால் அது நூற்றாண்டுகள் கடந்தும் சான்றாக நிற்கும்.

பதவி பறிபோதல்

வைட்டின் ஈடுபாட்டை அறிந்த சென்னை அரசு 1826இல் அவரை இயற்கைப் பொருள் ஆய்வாளராக அமர்த்தியது. விருப்பமான தொழிலே பதவியாகவும் வாய்ப்பது அரிது. அப்பேறு அவருக்குக் கிட்டியது, ஆனால் நிலைக்கவில்லை. சிக்கனம் கருதிய ஆளுநர் லஷிங்டன் 1828இல் அப்பதவியையே ஒழித்துவிட்டார். அதுகாறும் சேர்த்த பொருள்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட் நாகப்பட்டினத்துப் படைமனை மருத்துவராக மாற்றப்பட்டார்.

பதவி போனதே தவிரப் பணி நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் தம் சொந்தப் பணத்தில் உள்ளூர்ச் சேகரிப்பாளர்களையும் ஓவியர் ஒருவரையும் அமர்த்திக்கொண்டார். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹூக்கரோடு கடிதத் தொடர்பு கொண்டு, செடிகளையும் ஓவியங்களையும் அனுப்பிவந்தார். அரசு கொடுத்த பதவியில் இரண்டாண்டு செய்ததைவிட, அரசு கைவிட்டபின் அவர் செய்தது மிகுதி. 1831இல் மூன்றாண்டு விடுப்பில் தாயகம் திரும்பியபோது, ஏறத்தாழ ஓர் இலட்சம் உலர்மாதிரிகள் அவருடன் கப்பலேறின. அவற்றின் எடை 2 டன் என்பர்.

மருதத்திற்கு உறவு கண்டது

ஸ்காட்லாந்தில் வைட்டுக்கு உற்ற துணையாக அமைந்தவர் ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட். சட்டம் பயின்று தாவரவியலில் உள்ளம் பறிகொடுத்தவர். இருவரும் சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களை இயற்கை முறைப்படி வகுத்து எழுதிய நூலின் முதல் தொகுதி 1834இல் வெளிவந்தது. ராட்லரின் தமிழ் அகராதியின் முதற்பகுதி வெளிவந்த ஆண்டும் அதுவே. ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுச் சொற்களும் தமிழ்நாட்டுச் செடிகளும் ஒழுங்குபெற்று அச்சேறின. வைட்டின் நூலில் அடுத்த தொகுதிகள் வெளிவரவில்லை. ஆயினும் வெளிவந்த ஒரு தொகுதியே இந்தியத் தாவரவியலில் ஒரு திருப்பமாயிற்று.

மருதத்தின் பெயரில் இருவர் பெயரும் சேர்ந்தது அந்நூலில்தான். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ராக்ஸ்பர்க், மருதத்தின் காயில் ஐந்து சிறகு இருத்தலைக் கண்டு, ஐஞ்சிறகு எனப் பொருள்படும் தனிப் பேரினத்தில் அதனை வைத்திருந்தார். வைட்டும் ஆர்னாட்டும் பிற உறுப்புகளையும் ஒப்பிட்டனர். சிறகு ஒன்றைத் தவிரப் பூவும் விதையும் தான்றியோடும் கடுக்காயோடும் ஒத்திருப்பதைக் கண்டனர். ஆகவே மருதத்தை அவற்றின் பேரினமாகிய டெர்மினாலியாவில் சேர்த்தனர். ஒரு தாவரம் ஒரு பேரினத்திலிருந்து மற்றொன்றிற்கு மாற்றப்படும்போது, முதலில் பெயரிட்டவர் பெயரை அடைப்புக்குள் வைத்து, மாற்றியவர் பெயரை அதன்பின் எழுதுவது மரபு. ராக்ஸ்பர்க் அடைப்புக்குள்ளும் வைட், ஆர்னாட் ஆகியோர் வெளியிலும் நிற்பதன் காரணம் இதுவே.

மதுரைக் கரம்புகளில் வளரும் விடத்தலையும் இவ்வாறே இடம்பெயர்ந்தது. லின்னேயஸ் அதனைத் தொட்டாற்சுருங்கியின் பேரினத்தில் வைத்திருந்தார். அதன் பூங்கதிர் தொங்கும்போது மேற்பாதி இளஞ்சிவப்பாகவும் கீழ்ப்பாதி மஞ்சளாகவும் தோன்றும். வைட்டும் ஆர்னாட்டும் இருநிறக் கதிர் எனப் பொருள்படும் டைக்ரோஸ்டாக்கிஸ் என்னும் தனிப் பேரினமாக அதனை உயர்த்தினர். இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் குடை விரித்தாற்போல் நிற்கும் குடைவேல மரத்தை முதன்முதலில் அறிவியல் உலகிற்கு விளக்கியவர்களும் அவர்களே. ஐரோப்பியச் செடிகளைக் கண்டு பழகிய கண்கள் வகுத்த முறை, நம் முட்காட்டிலும் ஆற்றங்கரையிலும் உரைத்துப் பார்க்கப்பட்டுத் திருத்தம் பெற்றது. ஓரிடத்துச் செடிகளை மட்டும் கண்டு உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தல் இயலாது என்பதை இது காட்டுகிறது.

மதுரைச் சீமையின் மலையில்

1834இல் மீண்டும் இந்தியா வந்த வைட், பெல்லாரியிலிருந்த 33ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். அப்பிரிவு பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஏறத்தாழ 700 மைல் நடந்து சென்றது. மற்றவர்க்கு அது களைப்பூட்டும் பயணம். வைட்டுக்கோ வழியெங்கும் விருந்து. நடந்த தொலைவெல்லாம் செடிகளைச் சேகரித்தார். 1836இல் அரசு அவரை வருவாய்த் துறைக்கு மாற்றி, பருத்தி, புகையிலை, நிலாவாரை முதலிய விளைபொருள்களை ஆராயும் பொறுப்பை அளித்தது. அரபு மொழியில் சனா என வழங்கும் நிலாவாரை, அரபு மருத்துவர்களால் உலகெங்கும் பரவிய பேதி மருந்து. அச்சொல்லே இலத்தீனில் சென்னா எனப் பேரினப் பெயராயிற்று. நம் ஊர் ஆவாரையின் இன்றைய அறிவியற் பெயரும் சென்னா ஆரிகுலேட்டா என்பதாம். தமிழ் நிலத்துச் செடியொன்று அரபுச் சொல்லையும், காதுமடல் போன்றது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையும் தாங்கி நிற்பது, அறிவுக்கு எல்லைச்சுவர் இல்லை என்பதை உணர்த்தும்.

அதே 1836ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வைட் பழனி மலை ஏறினார். வராககிரி என்றும் பெயர் பெற்ற அம்மலைத்தொடர் அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் கொடைக்கானலில் குடியேறியது 1845இல். அதற்கு ஒன்பதாண்டுகள் முன்னரே வைட் அம்மலையின் செடிகளை ஆராய்ந்து, தாம் கண்டவற்றைச் சென்னையில் வெளிவந்த ஆய்விதழில் 1837இல் கட்டுரையாக்கினார். பழனி மலையின் தாவரங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அதுவே கால்கோள்.

சமவெளியிலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் செல்லும் அம்மலை, தாவரங்களின் பரவலை விளக்கும் கண்கூடான பாடம். அடிவாரத்தில் வேலும் கள்ளியும்; இடையே இலையுதிர் காடு; மேலே புல்வெளியும், மடுக்களில் அடர்ந்த சோலையும். குளிர்ந்த உச்சியில் ஐரோப்பியக் காட்டுச் செடிகளின் உறவினங்கள் வாழ்கின்றன. மஞ்சட் கிண்ணம் போன்ற மலருடைய ரனங்குலஸ், ஊதா நிற வயோலா, முள்ளுடைய ரூபஸ் என்னும் காட்டுப்பழச் செடி ஆகியவை ஸ்காட்லாந்துப் புல்வெளிகளுக்கும் புதர்களுக்கும் உரிய பேரினங்கள். வைட்டும் ஆர்னாட்டும் எழுதிய நூல் ரனங்குலஸ் குடும்பத்திலேயே தொடங்குகிறது. மதுரைச் சமவெளியில் காண்பதற்கு அரிய அக்குடும்பம் மேல்மலைகளில் தழைத்திருக்கிறது. பேரினம் ஒன்றாயினும் சிற்றினம் வேறு. தட்பவெப்பம் ஒத்த இடங்களில் உறவினங்கள் வாழ்வதையும், கடலாலும் சமவெளியாலும் பிரிந்தவை தனிச் சிற்றினங்களாக வேறுபடுவதையும் இம்மலை காட்டும்.

தூரிகை பிடித்த இருவர்

வைட்டின் புகழுக்கு அடிநிலையாய் நிற்பவை அவர் வெளியிட்ட ஓவியத் தொகுதிகள். 1838இல் தொடங்கி 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ஐக்கோனிஸ் என்னும் நூலில் 2,101 படங்கள் உள்ளன. வண்ணப் படங்களோடு கூடிய மற்றொரு நூல் இரண்டு தொகுதிகளாக வந்தது. நீலகிரித் தாவரங்களைப் பற்றியும் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். இவை சென்னையிலேயே கல்லச்சில் பதிப்பிக்கப்பட்டன. அரசு சில படிகளை வாங்கி உதவியபோதிலும், பொருட்சுமையில் பெரும்பகுதி வைட்டின் தோளிலேயே விழுந்தது.

அப்படங்களை வரைந்தோர் இந்திய ஓவியர்கள். முதலில் ரங்கையா, பின்னர் கோவிந்து. தஞ்சாவூர் ஓவிய மரபில் வந்தவர்கள் எனக் கருதப்படுகின்றனர். பொன்னும் மணியும் பதித்துத் தெய்வ உருவங்களையும் அரசர் உருவங்களையும் தீட்டிய மரபின் கைகள், எள்ளினும் சிறிய சூலகத்தின் குறுக்குவெட்டைக் கோடு பிசகாமல் வரையக் கற்றன. பறித்த பூ வாடுமுன் வண்ணத்தையும் வடிவையும் பிடித்தாக வேண்டும். இதழை நீக்கித் தாளையும் சூலையும் தனித்தனியே காட்டவேண்டும். அவர்கள் பிழை செய்திருப்பின் வைட்டின் வகைப்பாடும் பிழையாகியிருக்கும். பார்த்தவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர் என்று பிரித்துக் கூறவியலாதவாறு இருவர் பார்வையும் அப்படங்களில் ஒன்றியுள்ளது.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் இந்திய ஓவியர் பலர் பெயரின்றியே மறைந்தனர். வைட் தம் ஓவியர்களின் பெயரைப் படங்களில் பொறித்தார். அதனினும் மேலாக, 1853இல் தாம் விளக்கிய ஒரு தரைவாழ் ஆர்க்கிட் செடிக்குக் கோவிந்தூயியா எனக் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். மன்னர்க்கும் ஆளுநர்க்கும் செல்வர்க்கும் பெயர் சூட்டிவந்த காலத்தில் மாதச் சம்பளம் வாங்கிய ஓவியருக்கு அச்சிறப்பைச் செய்தது பாராட்டற்குரியது. ஆயினும் அச்செடி ட்ரோபிடியா என முன்னரே பெயர் பெற்றிருந்த பேரினத்தைச் சேர்ந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முந்தைய பெயரே நிலைக்கும் என்பது தாவரவியல் விதி. ஆகவே கோவிந்தூயியா என்னும் பெயர் இன்று வழக்கில் இல்லை. விதி தன் கடமையைச் செய்தது. ஆனால் ஓவியங்கள் அழியவில்லை. எடின்பரோ அரச தாவரத் தோட்டத்தில் அவை காக்கப்படுகின்றன. அத்தோட்டத்தின் ஆய்வாளர் ஹென்றி நோல்டி 2007இல் வெளியிட்ட நூல்கள் ரங்கையாவையும் கோவிந்துவையும் வைட்டோடு ஒருங்கே நிறுத்தின. ஒன்றரை நூற்றாண்டு கடந்து கிடைத்த நீதி அது.

வெற்றியும் தோல்வியும்

பெரியோர் வரலாற்றில் தோல்விகளை மறைத்தல் முறையன்று. 1842 முதல் கோயம்புத்தூரில் பருத்தி ஆய்வுப் பண்ணையின் பொறுப்பை வைட் ஏற்றார். மான்செஸ்டர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டது. அமெரிக்கப் பருத்தி விதையைத் தென்னிந்திய மண்ணில் பரப்புவதே கம்பெனியின் நோக்கம். உழவர் நலத்தைவிட வணிகர் நலமே அதில் முதன்மையாக இருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. வைட் பதினோராண்டு முயன்றும் அமெரிக்கப் பருத்தி உழவர் நிலத்தில் பரவலாக வேரூன்றவில்லை. கரிசலில் மானாவாரியாக விளைந்த நாட்டுப் பருத்தியே உழவர்க்கு உறுதுணையாக நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தியே அமெரிக்க இனத்திற்குத் தமிழ்நாட்டில் இடம் தேடித் தந்தது.

ஆயினும் மேற்கண்ட படத் தொகுதிகளின் பெரும்பகுதி அப்பண்ணைக் காலத்தில்தான் உருவாயின. அரசு கேட்ட பருத்தி விளையவில்லை. கேட்காத தாவர நூல்கள் விளைந்தன. இன்று வைட்டை நினைவில் நிறுத்துவது பருத்தியன்று.

இறுதிக் காலம்

1853இல் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பிய வைட், இங்கிலாந்தில் ரீடிங் நகருக்கு அண்மையில் கிரேஸ்லி என்னுமிடத்தில் வாழ்ந்தார். 1855இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. உடல்நலக் குறைவும் குடும்பப் பொறுப்பும் சேர்ந்து அவர் எழுத்தைக் குறைத்தன. 1871இல் தம் தொகுப்பைக் கியூ தாவரத் தோட்டத்திற்கு வழங்கிவிட்டு, 1872 மே 26இல் மறைந்தார். ஏறத்தாழ 110 பேரினங்களும் 1,260க்கு மேற்பட்ட சிற்றினங்களும் அவர் தனித்தும் பிறரோடு சேர்ந்தும் உலகிற்கு அறிமுகம் செய்தவை. அவர் மறைந்த அதே ஆண்டில் ஜோசஃப் ஹூக்கரின் இந்தியத் தாவர நூல் வெளிவரத் தொடங்கியது. தென்னகத்தைப் பொறுத்தவரை வைட்டின் உழைப்பே அதற்கு அடித்தளம். பின்னர் கேம்பிள் சென்னை மாகாணத் தாவரங்களை 1915 முதல் தொகுத்தார். திருச்சி தூய வளனார் கல்லூரி இராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தில் பணியாற்றி 2004இல் மறைந்த அருட்தந்தை மேத்யூ, தமிழகச் சமவெளியையும் பழனி மலையையும் மீண்டும் ஆராய்ந்து நூல்கள் அளித்தார்.

வகைப்பாடு என்றும் முற்றுப்பெறுவதில்லை. இன்று மரபணுவை ஒப்பிட்டு உறவு காண்கின்றனர். அதன் விளைவாக வேல மரங்களின் பழைய பேரினம் பல கூறுகளாகப் பிரிந்தது. குடைவேல் இன்று வாச்செல்லியா என்னும் பேரினத்தில் அடங்கும். ஆகவே அம்மரத்தின் பெயரில் வைட்டும் ஆர்னாட்டும் அடைப்புக்குள் சென்றுவிட்டனர். தமக்கு முன்னோரை அவர்கள் அடைப்புக்குள் வைத்தனர். பின்னோர் அவர்களை வைத்தனர். அறிவு வளரும் வழி இதுவே. ஆயினும் அடைப்புக்குள் வைக்கப்படுவோர் நீக்கப்படுவதில்லை, நன்றியோடு நினைக்கப்படுகின்றனர்.

நம் கடமை

ஐரோப்பாவின் தாவரங்களைத் தொகுத்த ஐந்து தொகுதி நூல் 1964 முதல் 1980 வரை வெளிவந்தது. அக்கண்டம் முழுவதற்கும் அதில் அடங்கியவை 11,000க்கு மேற்பட்ட சிற்றினங்கள். தமிழ்நாடு என்னும் ஒரு மாநிலத்திலேயே 5,000க்கு மேற்பட்ட பூக்கும் தாவரங்கள் உள்ளன. இச்செல்வத்தை நாம் அறிந்திருக்கிறோமா? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறினார். அவற்றை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் நம் மாணவருள் எத்தனை பேர் வழியோரத்துச் செடிகளில் பத்தினைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடும்?

மதுரையைச் சுற்றிய கண்மாய்க் கரைகளிலும் கரம்புகளிலும் இன்று சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொணரப்பட்ட மரம் அது. அதன் நெருக்கத்தில் விடத்தலையும் உசிலையும் இடமிழந்து வருகின்றன. மரம் மறைந்தபின் அதன் பெயர் சிலகாலம் ஊர்ப்பெயரில் தங்கியிருக்கும். பிறகு அதன் பொருளும் மறக்கப்படும். மேலூரை அடுத்த அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது ஆறுதல் தரும் செய்தி. ஆனால் அரசின் அறிவிப்பு மட்டும் ஒரு மரத்தைக் காத்துவிடாது. அதன் பெயரறிந்தோர் ஊரில் இருத்தல் வேண்டும். பெயர் அறியாத மரம் வெட்டுண்டால் கேட்பாரில்லை.

வைட் நம் செடிகளுக்கு உலகப் பெயர் தந்தார். ராட்லர் அவற்றின் தமிழ்ப் பெயரை ஏட்டில் ஏற்றினார். ரங்கையாவும் கோவிந்துவும் அவற்றின் உருவத்தைக் காத்தனர். எஞ்சிய பணி நம்முடையது. தமிழ்த்துறை மாணவரும் தாவரவியல் மாணவரும் ஒன்றுகூடி, விடுமுறை நாட்களில் தத்தம் ஊர் முதியோரிடம் சென்று, ஒவ்வொரு செடிக்கும் அவர்கள் வழங்கும் பெயரையும் பயனையும் கேட்டெழுதுவார்களாக. அதனருகே அறிவியற் பெயரையும் குறிப்பார்களாக. பதவியும் பொருளும் இல்லாத நிலையில் வைட் தொடங்கியதற்கு வேண்டியிருந்தவை சில தாள்களும், உதவ முன்வந்த உள்ளூர் மக்களும், தளராத உள்ளமுமே. அவை நம் கல்லூரியில் இல்லாதன அல்ல. அடுத்த முறை வையைப் பக்கம் செல்வோர், ஐந்து சிறகுடைய ஒரு மருதங்காயைக் கையில் எடுத்துப் பார்ப்பார்களாக. தான்றிக்கும் கடுக்காய்க்கும் அது உறவென்று கண்டு சொன்ன மருத்துவரின் நினைவுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை அதுவாகும்.